ஏழு நாள் முகாமும் மனையில்லாத வீடும்

(கூடலூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்சம் பிடித்த பணத்தை வைப்புத் தொகையாகப் போட்டு, மூன்று நிபந்தனைகளை எழுதிவைத்திருக்கிறார். வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும். தம் பெயரை மேடையில் சொல்லக் கூடாது. பேச வருபவருக்குச் சால்வை போடக் கூடாது. முதலிரண்டும் நிறைவேறிவிட்டன. மூன்றாவது மீறப்பட்டு என் தோளில் கிடக்கிறது. கூடலூர்க் குளிரில் அதைக் கழற்றிவைக்க எனக்கும் மனமில்லை.

வீடற்றோர் பணியில் மாணவர்கள் என்பது எனக்குக் கொடுத்த பொருள். சமவெளிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தவன் நான். அந்த வகையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த வட்டத்துக்கு வந்திருக்கிறேன், ஸ்ரீமதுரை ஊராட்சியிலும் முகாம் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரால் வந்த வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் ‘ஸ்ரீமதுரையில் சிறப்பு முகாம்’ என்று அச்சடித்து அனுப்பினால், ‘மதுரை வெயிலுக்கு எதற்கு சார் ஸ்வெட்டர்?’ என்று கேட்டுத் தொலைபேசி வரும். அந்த மதுரை வேறு, முதுமலைக் காட்டை ஒட்டிக் கிடக்கும் இந்த ஸ்ரீமதுரை வேறு. இங்கே பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் காபி, மிளகு, இஞ்சி, தேயிலை. வயநாடன் செட்டிகள், மலையாளிகள், தமிழர்கள், இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என வாழ்பவர்கள்.

பிள்ளைகள் கம்பளியும் பழைய துணியும் மூட்டை மூட்டையாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். நகரத்தில் அவர்கள் பார்த்திருந்த சேவை அதுதான். இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து நிலையம், ரயில் நிலையம், கோயில் வாசல் என்று போய், படுத்திருப்பவர் மேல் போர்த்திவிட்டு வருவது. அதை நான் ஏளனம் செய்யவில்லை. மார்கழிப் பனியில் ஒரு கம்பளி உயிரைக் காக்கும். ஈரோட்டில் நவீன்குமார் என்ற இளைஞர் தொடங்கிய அட்சயம் அறக்கட்டளை, தெருவில் கையேந்தி நின்றவர்களோடு பேசி, மருத்துவம் பார்த்து, வேலைக்கும் காப்பகத்துக்கும் அனுப்பிவைக்கும் வேலையைத் தன்னார்வ இளைஞர்களைக் கொண்டே செய்துவருகிறது. நகரத்தில் அதற்கு இடமும் தேவையும் உண்டு.

ஸ்ரீமதுரையில் முதல் நாள் சாயங்காலமே பிள்ளைகள் கேட்டார்கள்: ‘சார், வீடில்லாதவங்க எங்க இருக்காங்க?’ பதில் சொன்னவர் எங்களோடு நின்றிருந்த உள்ளூர்க்காரர். ‘ராத்திரி ரோட்டுல யாரு தம்பி படுப்பா? ஆனை வருமே.’

இந்த வட்டாரத்தில் இருட்டிய பிறகு யாரும் வெளியே இருப்பதில்லை. திண்ணையில் படுப்பதுகூட ஆபத்து. அரிசி வாசனைக்குச் சுவரை இடித்து உள்ளே துதிக்கை நீட்டும் யானைகள் உண்டு. ஆகவே எல்லோரும் ஏதோ ஒரு கூரைக்குள் ஒண்டிக்கொள்கிறார்கள். எத்தனை பேர் ஒரு கூரைக்குள், அந்தக் கூரை யாருடையது, அது நிற்கும் மண் யாருடையது என்பவை வெளியூர்க்காரன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அரசின் கணக்குக்கும் தெரிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28ஆம் தேதி இரவை ஒதுக்கினார்கள். கணக்கெடுப்பாளர்கள் நடைபாதை, மேம்பாலத்தடி, பெரிய சிமெண்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில் நிலையம் என்று தேடிப்போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் என்று முடிவு வந்தது. அந்த இரவில் ஒரு தொகுப்பு வீட்டுக்குள் மூன்று குடும்பமாக நெருக்கிப் படுத்திருந்த பணியர்கள் இந்தக் கணக்கில் வர வழியில்லை. அவர்கள் ‘வீட்டில்’ இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2010இல், டெல்லியின் கொடுங்குளிரில் இரவுக் காப்பகம் இடிக்கப்பட்டதை ஒட்டிக் கடுமையாகத் தலையிட்டது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்ற அளவுகோல் அப்போது நிலைபெற்றது. பிறகு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் காப்பகத் திட்டமும் வந்தது. நல்ல திட்டங்கள்தாம். பெயரிலேயே நகர்ப்புறம் என்று இருப்பதால் ஊராட்சி எல்லைக் கல்லோடு நின்றுவிட்டன.

சரி, ஸ்ரீமதுரை போன்ற ஊரில் வீடற்றவர் யார்? பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகப் பிரித்துக் காலனிகளுக்கு அனுப்பினோம். கையில் கம்பளி வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும் என்று சொல்லி அனுப்பினோம்.

அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததில் பாதி, பாதியில் நின்ற வீடுகளைப் பற்றியது. தொகுப்பு வீட்டுப் பணம் ஒரே தடவையில் வருவதில்லை. அடித்தளம் போட்டால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று. முதல் தவணை வரும் அளவுக்கு வேலையை ஆரம்பிக்க யாரிடம் பணம் இருக்கிறது? தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் குடும்பத்திடம் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு காண்ட்ராக்டர் வந்து நிற்கிறார். வங்கிப் புத்தகம் அவர் கைக்குப் போகிறது. மணலும் ஜல்லியும் மலை ஏறிவர ஆகும் வண்டிக்கூலி, வண்டி போகாத இடத்துக்குத் தலைச்சுமைக் கூலி என்று கணக்கு எழுதி, லிண்டலோடு வேலையை நிறுத்திவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். சுவரிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே நீலத் தார்ப்பாய். பதிவேட்டில் அந்தக் குடும்பம் வீடு வாங்கிய குடும்பம். அடுத்த திட்டத்தில் அதற்கு இடமில்லை.

2023 நவம்பர் 15இல் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கென்றே வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தார். ஆறு பேரும் நீலகிரியில் வாழ்பவர்கள். இம்முறையாவது காண்ட்ராக்டரை விட வேகமாகப் பயனாளியின் கைக்குப் பணம் வர வேண்டும்.

நோட்டின் மறுபாதி மண்ணைப் பற்றியது. கூடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, அச்சில் படிக்கப்போகும் வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். இந்த வட்டத்தின் நிலம் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. 1969இல் கூடலூர் ஜென்மி எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974இல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 80,000 ஏக்கர். அதில் ஒரு பகுதிக்கு ரயத்துவாரி பட்டா கிடைத்தது, ஒரு பகுதி காடாயிற்று. பெருந்தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவு மட்டும் ஐம்பது ஆண்டுகளாகத் தீராமல் நீதிமன்றங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘செக்‌ஷன் 17’ என்றால் இங்கே மழலைப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் குடியேறி மூன்று தலைமுறை ஆனவருக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு அலைச்சல், வீட்டுக் கடன் என்ற பேச்சே இல்லை, பழுதுபார்க்கக்கூட அச்சம். வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும் ஆதாரும் ஒருவர் இங்கே வாழ்கிறார் என்று ஒப்புக்கொள்கின்றன. நிலப் பதிவேடு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகள் இன்னொரு கதை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களில் பல குடும்பங்களுக்கு இந்தப் பகுதியில் வேலை கொடுத்தது, 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிப் பின் அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ. வேலையோடு லைன் வீடும் வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மருமகளோ தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால் வீடு தங்கும். இல்லையென்றால் ஓய்வு பெறும் வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, நாற்பது ஆண்டு இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2024 ஜூனில் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் எல்லோரும் ஒரேயடியாக வெளியேறச் சொல்லப்பட்டபோதுதான் நம் பத்திரிகைகள் இதைக் கவனித்தன. கூடலூரிலும் பந்தலூரிலும் இது ஆண்டு முழுவதும், ஒவ்வொரு வீடாக, சத்தமில்லாமல் நடந்துவந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போவதைக் குறை சொல்பவர்கள், அந்தப் போக்கால் பெற்றோரின் கூரை பறிபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி ஒன்று மட்டும். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்பது அப்போதைய மறுகுடியமர்வுத் தொகை. நிலம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பழங்குடிகளின் பணத்தை இடைத்தரகர்கள் சுருட்டியதாக வழக்கே பதிவானது. இதற்கு மேல் நீதிமன்றம் சொல்லட்டும்.

இவ்வளவையும் ஏழு நாளில் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண் மட்டும் சட்டென்று புரிந்துகொண்டாள். புரியவைத்தது என் உரை இல்லை. நாங்கள் தங்கியிருந்தது அரசுப் பள்ளி வகுப்பறையில். பார்க்க வந்த பணியர் மூதாட்டி ஒருவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாய் விரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், ‘மோளே, அந்த மூலையிலே படுக்க வேண்டா, ஒழுகும்’ என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஆடி மழையில் ஆற்றுத் தண்ணீர் காலனிக்குள் ஏறும்போதெல்லாம் ஊரே அந்த வகுப்பறையில்தான் படுக்கும் என்றார். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித்தீர்த்த மழையை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அது சாதனை மழை. சாதனை எதுவும் இல்லாத சாதாரண மழைக்கே தாழ்ந்த வயலோரத்துக் காலனிகள் ஆண்டுதோறும் பள்ளிக்கூடத்துக்கு இடம் பெயர்கின்றன. தண்ணீர் வடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்புகின்றன, ஏனென்றால் மேட்டில் அவர்களுக்கு மனை இல்லை. நல்ல நிலமெல்லாம் முன்னாலேயே பங்கு போய்விட்டது.

இனி, சேவை செய்ய வரும் மாணவனைப் பற்றி. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அன்றைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். இது தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் கூடியிருந்த அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் இவான் இல்லிச் ஓர் உரை நிகழ்த்தினார். அவரே பாதிரியாராக இருந்தவர். நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறீர்கள், அந்த நல்லெண்ணத்தால்தான் கெடுக்கிறீர்கள் என்பது அதன் சாரம். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மேடைக்கு அழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு யாரும் சால்வை போட்டிருக்க மாட்டார்கள்.

இல்லிச் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மொழி தெரியாதவன், விளைவுக்குப் பொறுப்பேற்கத் தேவையில்லாதவன், ஏழாம் நாள் பேருந்து ஏறிவிடுபவன் செய்யும் உதவியில் உதவி பெற்றவரை விடச் செய்தவனுக்கே லாபம் அதிகம். காலனிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் முகாம்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒழுகும் கூரைக்குக் கீழே வெள்ளைச் சுவர் எதற்கு? இருந்தாலும் ‘உதவ வராதே’ என்பதை இங்கே அப்படியே ஏற்க முடியாது. அவர் பேசியது எல்லை கடந்து வந்த வேற்று நாட்டுப் பணக்கார மாணவர்களிடம். நம் முகாமுக்கு வருபவர்களில் பலர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தாசில்தார் அலுவலகத்தில் மனுவோடு நின்ற அனுபவம் அவர்கள் வீட்டுக்கும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த, அலுவலக வாசலைக் கண்டு அஞ்சாத, கையில் நல்ல செல்பேசி வைத்திருக்கும் இளைஞனுக்கு இந்த மலையில் வேலை இருக்கிறது. மண்வெட்டி வேலை இல்லை, காகித வேலை.

2006 வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 13க்கு முன் வன நிலத்தில் வாழ்ந்துவந்த பழங்குடிக் குடும்பம், குடியிருக்கவும் பயிரிடவும் உரிமை கோரலாம். தமிழ்நாட்டில் இதற்கும் தடை வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் கொடுப்பது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிடும்வரை எட்டு ஆண்டு போயிற்று. ஆனால் சான்றைப் பற்றி அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்வது அருமையானது. பத்திரம்தான் வேண்டும் என்பதில்லை. வீடு, குடிசை, கிணறு, இடுகாடு, தெய்வம் உறையும் இடம் ஆகியவையும் சான்று. கோரிக்கையாளர் அல்லாத ஒரு முதியவர் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கல்யாணம் ஆகி வந்தபோது எந்த மரத்தடியில் பாடி என்னும் குடியிருப்பு இருந்தது, யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டு எழுத, சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. பொறுமை வேண்டும், பணியர் மொழி தெரிந்த ஓர் உள்ளூர் இளைஞரின் துணை வேண்டும். தமிழ் பேசும் நாமும் அந்தத் திண்ணையில் அயலார்தான்.

துணைக்கு ஆள் இருக்கிறார்களா என்றால், இந்த ஊரில் இருக்கிறார்கள். ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி மார்செல் தேக்கேக்கராவும் 1980களின் நடுவில் கூடலூருக்கு வந்து அக்கார்டு அமைப்பைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் இங்கேயே குடித்தனம் செய்தார்கள். 1988இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருவில் நடந்ததை நேரில் பார்த்த பெரியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். மீட்ட நிலத்தில் அவர்கள் தேயிலை நட்டது எவ்வளவு நுட்பமான காரியம்! தேயிலை பல ஆண்டு நிற்கும் பயிர். அது வேர் விட்ட இடத்தில் ‘இங்கே யாரும் இல்லை’ என்று எழுத முடியாது. ஆக்கிரமிப்பைக் கற்றுக்கொடுத்த பயிரைக் கொண்டே அனுபவ உரிமையை நிலைநாட்டினார்கள். பிறகு மருத்துவமனை வந்தது, பள்ளி வந்தது. இவற்றில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகளே. மாணவர் முகாம் இப்படி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு ஏவலாளாகப் போக வேண்டும், எஜமானாகப் போகக் கூடாது.

எங்கள் பிள்ளைகள் அந்த முகாமில் செய்தது பெரிதொன்றும் இல்லை. எந்த வீட்டில் எத்தனை குடும்பம், எந்தத் தவணையோடு வேலை நின்றது, யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, எந்தப் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று வீடு வீடாக எழுதி, ஊர்க்காரர்கள் முன்னால் படித்துக்காட்டித் திருத்தி, மனுக்களாக்கினார்கள். கம்பளிகளையும் கொடுத்தோம், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக முடியாதே. முகாம் அறிக்கைக்குப் படம் கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. மனு எழுதுவது படத்தில் நன்றாக வராது.

அவையில் திட்ட அலுவலர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் என் வேண்டுகோள். ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் சிறப்பு முகாமை ஜனவரி 26 உள்ளே வரும்படி வையுங்கள். மனுவை மாணவர் எழுதட்டும், சபையில் எழுந்து கொடுப்பவர் அந்த வீட்டுக்காரராக இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கி, நகல்களை ஊரில் ஒருவரிடம் ஒன்றும் கல்லூரியில் ஒன்றுமாக வையுங்கள். மார்ச் 22ஆம் தேதி இரண்டு மாணவர்களை மறுபடி அந்த ஊருக்கு அனுப்பி, அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டு வரச் சொல்லுங்கள். போக வர ஆகும் பேருந்துச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். கல்லூரி ஏற்காவிட்டால் இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதியத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.